சாயம் ஏறாத இடம்: கட்டிச் சாயமிடல் பழகத் தொடங்குகிறவர்களுக்கு

மழை நேரத்தில் தோட்டத்து ரோட்டோரமாக ஒரு லொறி நிற்கிறது. மழை விட்டதும் கிளம்பிப் போய்விடுகிறது. ரோடெல்லாம் நனைந்து கறுத்திருக்க, லொறி நின்ற இடம் மட்டும் வெளுத்த கட்டமாகத் தெரிகிறது. கட்டிச் சாயமிடலில் நடப்பது அவ்வளவுதான். துணியில் ஓரிடத்தை மூடுகிறோம். சாயத்தில் முக்குகிறோம். மூடியதைத் திறக்கிறோம். சாயம் படாத இடம் பூவாகவோ புள்ளியாகவோ கோடாகவோ நிற்கிறது.

பாடசாலையில் சித்திரப் பாடத்துக்காக ஒரு கைக்குட்டையில் நாலு முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கியவர்கள் நம்மில் பலர் இருப்போம். ‘டை அன் டை’ என்றாலே நடுவில் சுருள் போட்ட வானவில் டீ-ஷேர்ட் என்று நினைப்பவர்களும் உண்டு. அதுவும் இதே குடும்பம்தான். ஆனால் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் மதுரையிலும் இந்த வேலை போயிருக்கிற தூரத்தைப் பார்த்தால், அந்த டீ-ஷேர்ட் அரிச்சுவடியின் முதல் பக்கம்.

நான் தையல் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இதைப் பழக வருகிற பிள்ளைகள் முதலில் கேட்கும் கேள்வி, “டீச்சர், என்ன கலர் வாங்கணும்?” என்பதுதான். கலர் கடையில் கிடைக்கும், அதைக் கரைக்க அரை மணி நேரத்தில் பழகிவிடலாம். பழக வேண்டியது சாயத்தை நிறுத்துவதை. எங்கே நிறுத்துவது, எவ்வளவு இறுக்கமாக நிறுத்துவது, எந்த நிறத்துக்கு முன்னால் எதை மூடுவது என்பவைதான் இந்தக் கலை. அதனால் முதலில் நூலைப் பற்றிப் பேசுவோம், சாயம் அப்புறம் வரட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் வெயில் ஊர்க்காரர்கள் எழுதியவை. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ அவற்றை அப்படியே செய்தால் சாயம் வெளுத்துப்போய் நிற்கும். அதற்குக் காரணம் உங்கள் கை இல்லை, குளிர். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

எதைக் கொண்டு மூடுகிறார்கள்

சாயம் துணிக்குள் போகாமல் தடுக்க நூலால் இறுக்கிக் கட்டலாம். தையல் போட்டு இழுத்துச் சுருக்கலாம். இரண்டு பலகைக்கு நடுவே மடித்து வைத்து நெருக்கலாம். மெழுகு பூசலாம். களிமண்ணோ மாக்கூழோ பூசலாம். உலகம் முழுக்க இருக்கிற தடுப்புச் சாய முறைகள் எல்லாம் அனேகமாக இவற்றுக்குள் அடங்கிவிடும்.

ராஜஸ்தானில் ‘தாபு’ என்றொரு முறை இருக்கிறது. களிமண், சுண்ணாம்பு, பிசின், புழுத்த கோதுமையின் மா எல்லாம் சேர்த்துக் குழைத்து, மர அச்சால் துணியில் பதித்து, மரத்தூள் தூவி, வெயிலில் காயவைத்து, அவுரிச் செடியின் நீலச் சாயத்தில் முக்குவார்கள். மண் இருந்த இடம் வெள்ளையாக நிற்கும். அழகான வேலைதான். ஆனால் மண் சுள்ளென்று காய வேண்டும். தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகு ஹட்டன் பக்கத்தில் இதைச் செய்து பார்க்காதீர்கள், துணி காய்வதற்குள் பூஞ்சணம் பிடிக்கும்.

குஜராத்தின் பாடன் நகரத்துப் பட்டோலாவில் துணியையே கட்டுவதில்லை. நெய்வதற்கு முன்பே பாவு நூலையும் (நீளவாட்டில் போவது) ஊடு நூலையும் (குறுக்கே போவது) தனித்தனியாகக் கட்டிச் சாயமிட்டு, தறியில் இரண்டும் சரியாகச் சந்திக்கும்படி நெய்கிறார்கள். ஒரு சேலைக்கு மாதக்கணக்கில் ஆகும். தறியும் பரம்பரையும் இல்லாமல் அதைத் தொட முடியாது. பார்த்து வியந்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

நமக்கு உகந்தது நூல்கட்டு. ஒரு துணி, ஒரு நூல், ஒரு வாளி போதும். லயத்து அறையில் உட்கார்ந்தும் செய்யலாம்.

இந்த முறைகள் எவ்வளவு பழையவை என்று கேட்டால், அஜந்தா குகை ஓவியங்களில் இருக்கும் புள்ளி உடைகளை முடிச்சுச் சாயத் துணி என்று சொல்வது வழக்கம். எகிப்தில் பழைய கெய்ரோ பக்கம் ஃபுஸ்தாத் என்ற இடத்தில், இந்தியாவில் செய்து கடல் வழியாகப் போன பருத்தித் துணித் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றில் தடுப்புச் சாயம் போட்டவையும் உண்டு. நமது இலங்கைத் தீவுக்கும் இந்த வியாபாரத்தில் பங்கு இருந்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணல் நிலத்தில் வளரும் சாயவேரைத் தோண்டி எடுத்துச் சிவப்புச் சாயம் செய்தார்கள். ஒல்லாந்தர் அந்த வேரைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார்கள் என்றால் அதற்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

புள்ளி எப்படி விழுகிறது

முடிச்சுச் சாயத்தில் உச்சம் என்றால் பாந்தினி. குஜராத்தின் கச்சுப் பகுதியும் ஜாம்நகரும் ராஜஸ்தானின் சில ஊர்களும் இதற்குப் பேர்போனவை. சாயவேலை கத்ரி சமூகத்தாரின் பரம்பரைத் தொழில். முடிச்சுக் கட்டுவது பெரும்பாலும் பெண்கள், அதுவும் வீட்டில் இருந்தபடியே.

அவர்கள் செய்வது இப்படி. மெல்லிய துணியை நாலாக மடித்து, தண்ணீரில் போகக்கூடிய காவி நிறத்தால் அதன்மேல் கோலத்தைப் பதித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் துணியைச் சிறு நுனியாகத் தூக்க வேண்டும். இதற்காகவே ஒரு விரல் நகத்தை நீளமாக வளர்த்திருப்பார்கள், இல்லாவிட்டால் கூர் உள்ள ஓர் உலோக வளையத்தை விரலில் மாட்டிக்கொள்வார்கள். தூக்கிய நுனியைச் சுற்றி நூலை நாலைந்து சுற்று இறுக்கிவிட்டு, நூலை அறுக்காமலே அடுத்த புள்ளிக்குப் போகிறார்கள். நல்ல சேலை ஒன்றில் ஆயிரக்கணக்கில் முடிச்சு இருக்கும்.

நூலை ஏன் அறுப்பதில்லை என்பது கடைசியில்தான் புரியும். சாயமிட்டுக் காய்ந்த துணியை இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் நூல் படபடவென்று தெறித்துக்கொண்டு வரும். சில கடைகளில் முடிச்சை அவிழ்க்காமல் சுருங்கிய துணியாகவே விற்கிறார்கள். வாங்குகிறவர் கண் முன்னால் அவிழ்ந்தால்தானே அச்சடித்தது இல்லை என்று நம்புவார்!

இனி நிறங்களின் வரிசை. வெள்ளைத் துணியில் முதலில் எவை வெள்ளைப் புள்ளியாக நிற்க வேண்டுமோ அவற்றைக் கட்டுகிறார்கள். துணி மஞ்சளில் முக்கப்படுகிறது. காய்ந்ததும் எவை மஞ்சளாக நிற்க வேண்டுமோ அவற்றைக் கட்டி, சிவப்பில் முக்குகிறார்கள். அதன்பின் சிவப்பாக நிற்க வேண்டியவற்றைக் கட்டிக் கறுப்பிலோ கருஞ்சிவப்பிலோ முக்குகிறார்கள். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குத்தான் போக முடியும், திரும்பி வர முடியாது. ஆகவே கட்டுகிறவர் தலைக்குள் வேலை தலைகீழாக ஓடுகிறது. கடைசியில் என்ன தெரிய வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வர வேண்டும். ஆரம்பக்காரர் ஒரே நிறத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

ராஜஸ்தானின் லெஹரியா இதைவிட எளிது. மெல்லிய துணியை ஒரு மூலையிலிருந்து சாய்வாகச் சுருட்டிக் கயிறுபோல ஆக்கி, இடைவெளி விட்டு இறுக்கிக் கட்டி முக்கினால், பிரிக்கும்போது அலை அலையாகச் சாய்ந்த கோடுகள் இருக்கும். எதிர் மூலையிலிருந்தும் அப்படியே சுருட்டிக் கட்டினால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக் கட்டம் கட்டமாக வரும், அதற்கு மோட்டரா என்று பேர். துணி மெல்லியதாக இருந்தால்தான் சுருளின் உள்வரைக்கும் சாயம் போகும். நம்ம ஊர்ப் புடவைக் கடையில் வொயில் என்று கேட்டால் கிடைக்கும் துணி இதற்குச் சரியாக இருக்கும்.

சுங்குடி

மலையகத்தில் நிறையக் குடும்பங்களின் பூர்வீகம் மதுரை, திருச்சி, சேலம், ராமநாதபுரம் என்று போகும். மதுரையோடு ஒட்டு இருக்கிறவர்கள் வீட்டில் வயதானவர்களிடம் சுங்குடிச் சேலை என்று சொல்லிப் பாருங்கள், தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து தெற்கே வந்து, நாயக்கர் காலத்தில் மதுரையில் தழைத்த நெசவாளர் சமூகத்தின் கைவேலை அது. பாந்தினியின் உறவுக்காரி என்று சொல்லலாம். ஆனால் துணி பருத்தி, கூட்டமான கோலங்களுக்குப் பதிலாக உடல் முழுக்கத் தூவிய புள்ளிகள், அகலமான கரை. வெக்கைக்கு ஏற்ற சேலை. 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு, அதாவது அந்தப் பேர் அந்த ஊருக்கே உரியது என்ற சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது.

ஆனால் இன்று சுங்குடி என்ற பேரில் விற்கும் சேலைகளில் கையால் முடிச்சிட்டவை குறைவு. மெழுகை அச்சால் பதித்துச் சாயமிட்டவையும், நேராக அச்சடித்தவையும்தான் அதிகம். மெழுகு அச்சும் ஒரு தடுப்பு முறைதான், அதை மட்டமாகச் சொல்ல மாட்டேன். விலையும் அதனால்தான் கைக்கு எட்டுகிறது. ஆனால் முடிச்சின் விலைக்கு அச்சை வாங்கிவிடக் கூடாது, இல்லையா?

பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம் இல்லை. முடிச்சிட்ட புள்ளி ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். ஓரம் கூர்மையாக இருக்காது, சாயம் நூலுக்கு அடியில் சிறிது கசிந்து ஒரு மங்கலான வளையம் இருக்கும். நூலைச் சுற்றாத நுனியில் சாயம் ஏறி, புள்ளிக்கு நடுவே ஒரு குட்டிப் பொட்டு தெரியும். இஸ்திரி போடாத துணியில் புள்ளி இருக்கும் இடம் லேசாகப் புடைத்திருக்கும். அச்சடித்ததில் எல்லாப் புள்ளியும் ஒரே அச்சாக இருக்கும், துணியைத் திருப்பினால் பின்பக்கம் வெளுத்திருக்கும்.

அந்தக் கசிவைப் பற்றி ஒரு வார்த்தை. பருத்தி இழை தண்ணீரை உறிஞ்சி இழுக்கும். விளக்குத் திரியும் அந்தக் குணத்தால்தான் எரிகிறது. ஆகவே எவ்வளவு இறுக்கினாலும் ஓரத்தில் சாயம் கொஞ்சம் உள்ளே ஊரத்தான் செய்யும். அளவோடு ஊர்ந்தால் அழகு, அளவு மீறினால் புள்ளியே காணாமல் போய்விடும். கட்டிய துணியைச் சாயத்தில் போடுவதற்கு முன் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் இந்த ஊர்தல் குறையும். ஏற்கெனவே தண்ணீர் குடித்த இழை சாயத்தை அவ்வளவு அவசரமாக இழுக்காது.

முதல் துணி

பருத்தி மட்டும். பொலியெஸ்டர் கலந்த துணியில் இங்கே சொல்லும் சாயம் ஏறாது. சந்தேகம் இருந்தால் ஓரத்திலிருந்து நாலு இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசிபோல எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கட்டியான மணியாகும். கடையில் தைத்த பருத்திச் சட்டையைச் சாயமிட்டால் சட்டை நிறம் மாறி, தையல் மட்டும் வெள்ளை வெளேரென்று நிற்பதைப் பார்க்கலாம். தைத்த நூல் பொலியெஸ்டர், அதுதான் காரணம். ஆரம்பத்துக்குப் பழைய பருத்தி வேட்டியைவிட நல்ல துணி கிடையாது. பல தடவை துவைத்துக் கஞ்சியெல்லாம் போயிருக்கும். புதுத் துணி என்றால் வெந்நீரில் சோப்புப் போட்டு நன்றாகத் துவைத்துக் கஞ்சியை எடுத்துவிட வேண்டும்.

தலையணை உறை அளவில், ஏறக்குறைய 100 கிராம் எடையுள்ள துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சிலால் இலேசாகப் புள்ளி வையுங்கள், கோலம் போடத் தெரிந்த கைக்கு இது விளையாட்டு. ஒவ்வொரு புள்ளியிலும் துணியை நுனி விரலால் கிள்ளித் தூக்கி நூலைச் சுற்றுங்கள். எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் வர வேண்டும் என்றால் உள்ளே ஒரு மணியையோ மல்லி விதையையோ வைத்துக் கட்டலாம். பெரிய வட்டத்துக்குக் கடலை சரிவரும். அது தண்ணீரில் ஊதிக் கட்டை இன்னும் இறுக்கும். ரப்பர் பேண்ட் வேகமாக வேலை முடிக்கும், ஆனால் சிறு புள்ளிக்கு நூல்தான். சுற்றி முடித்ததும் நகத்தால் நூலை நகர்த்திப் பாருங்கள். நகர்ந்தால் சாயமும் நுழையும்.

ஊசி வேலை தெரிந்தவர்கள் இன்னொன்றும் செய்யலாம். இலை வடிவமோ மாங்காய் வடிவமோ வரைந்து, அந்தக் கோட்டின்மேல் சாதாரண ஓட்டுத் தையல் போட்டு, நூல் நுனியை இழுத்துத் துணியைச் சுருக்கி முடிந்துவிடுங்கள். சுருக்கத்தின் நடுவே சாயம் போகாது. பிரித்தால் புள்ளிக் கோட்டில் வரைந்த மாங்காய் இருக்கும். முடிச்சைவிட இதில் உங்கள் கைக்குச் சுதந்திரம் அதிகம், எனக்குப் பிடித்ததும் இதுதான்.

சாயத்துக்கு, பருத்திக்கான ரியெக்டிவ் சாயம் என்று கேட்டு வாங்குங்கள். ஐ.சி.ஐ. என்ற பிரித்தானிய இரசாயன நிறுவனம் 1956இல் சந்தைக்குக் கொண்டுவந்த வகை இது. மற்றச் சாயங்களில் பல இழையின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும், இது இழையோடு இரசாயனமாகப் பிணைந்துவிடுகிறது. அதனால்தான் துவைத்துத் துவைத்தும் போவதில்லை. ஆனால் அந்தப் பிணைப்பு நடக்கத் தண்ணீர் காரத்தன்மையோடு (அமிலத்துக்கு எதிரானது) இருக்க வேண்டும். அதற்குத்தான் வோஷிங் சோடா. சமையலறையில் இருக்கும் அப்பச் சோடாவை அதற்குப் பதிலாகப் போட்டால் காரம் போதாது.

100 கிராம் துணிக்கு இரண்டு லீட்டர் தண்ணீர், 150 கிராம் உப்பு, இரண்டு மூன்று கிராம் சாயம், 15 கிராம் வோஷிங் சோடா. சாயத்தையும் உப்பையும் முதலில் கரைத்து, ஊறவைத்துப் பிழிந்த துணியைப் போட்டு இருபது நிமிடம் அடிக்கடி கிளறுங்கள். உப்பு சாயத்தைத் துணிப்பக்கம் தள்ளிக்கொடுக்கும். அப்புறம் சோடாவைத் தனியாகக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, துணியின்மேல் நேராக ஊற்றாமல் ஓரமாக ஊற்றிக் கலக்குங்கள். அதிலிருந்து ஒரு மணி நேரம், நடுநடுவே கிளறிவிட வேண்டும். எடுத்த துணியை முடிச்சோடு பச்சைத் தண்ணீரில் அலசி, தண்ணீர் ஓரளவு தெளிந்த பிறகு அவிழ்த்து, நல்ல கொதிநீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து அலசுங்கள். இழையோடு சேராமல் சும்மா ஒட்டியிருக்கும் சாயம் சூட்டுக்குத்தான் இறங்கும். இந்தக் கடைசி வெந்நீரைத் தவிர்த்தால் அடுத்த தடவை துவைக்கும்போது வெள்ளைப் புள்ளியெல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும்.

சாயத்தூள் காற்றில் பறக்கும், மூச்சில் ஏறினால் சிலருக்கு ஒவ்வாமை வரும். கரைக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், கையுறை போடுங்கள். சமையல் சட்டி, கரண்டி எதுவும் இந்த வேலைக்கு வேண்டாம்.

குளிர் செய்யும் வேலை

மேலே சொன்ன ஒரு மணி நேரக் கணக்கு 30 முதல் 40 பாகை செல்சியஸ் வரை சூடு உள்ள தண்ணீருக்கானது. குஜராத்தில் வாளியை முற்றத்தில் வைத்தாலே அது கிடைத்துவிடும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆண்டு முழுவதற்குமான சராசரி வெப்பமே 16 பாகை அளவுதான். அந்தத் தண்ணீரில் சாயம் இழையோடு சேரும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். ஒரு மணி நேரத்தில் எடுத்து அலசினால் பாதிச் சாயம் தண்ணீரோடு போகும். பிள்ளைகள் “சாயம் டூப்ளிகேட்” என்று கடைக்காரரைத் திட்டுவார்கள், பாவம் அவர்.

கேத்தல் கொதிநீரைக் கலந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்துவிட்டுத் தொடங்குங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், சூடு மிஞ்சினால் சாயம் துணியோடு சேருவதற்குள் தண்ணீரோடு சேர்ந்து வீணாகிவிடும். வாளியை மூடி, பழைய கம்பளியால் சுற்றி, அடுப்படியில் வையுங்கள். நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். எல்லா நிறமும் குளிருக்கு ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. டர்க்கொய்ஸ் நீலம்தான் மிகவும் மந்தம், அதற்குச் சூடும் நேரமும் கூடுதலாக வேண்டும். குளிர்காலத்தில் முதல் வேலைக்கு அந்த நிறத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

சோடா கரைசலில் ஊறவைத்துப் பிழிந்த துணியில் சாயத்தைத் தூரிகையாலோ போத்தலாலோ பூசுகிறவர்கள், பூசியதைப் பொலித்தீன் பையில் சுற்றி ஓர் இரவும் பகலும் சூடான மூலையில் வைக்க வேண்டும். ஈரம் காய்ந்துவிட்டால் பிணைப்பு நின்றுவிடும்.

காயவைப்பதிலும் மலைக்கு இரண்டு முகம் இருக்கிறது. மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரைக்கும் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மழையும் மூடுபனியுமாக இருக்கும்போது, மலைக்கு அந்தப் பக்கம் பண்டாரவளை, பதுளையில் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் காய்ந்த காற்று அடிக்கும். இரண்டு மூன்று நிறம் போட்டு, ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவில் காயவைக்க வேண்டிய வேலைகளை ஊவாப் பக்கத்து ஆட்கள் அந்த மாதங்களில் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் ஒரே நிறத்தோடு திருப்தி அடைய வேண்டியதுதான்.

அவுரி நீலத்துக்கும் குளிர் ஆகாது. அவுரியைப் புளிக்கவைத்துச் செய்யும் தொட்டிக்கு வெதுவெதுப்பு வேண்டும், குளிரில் அது தூங்கிவிடும். தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி பச்சை மஞ்சளாக இருந்து, காற்றுப் பட்டதும் கண் முன்னால் நீலமாக மாறுவது ஒருமுறையாவது பார்க்க வேண்டிய காட்சி. ஆனால் இரண்டாவது வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருக்கிற சாயம்

சாயம் வாங்கக் காசு இல்லை என்பவர்களுக்கு மலையகத்தில் ஒரு சாயம் எப்போதும் கையருகே உண்டு. தேயிலையில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் பருத்தியில் பிடித்துக்கொள்ளும். வேட்டியில் பிளேன்டி சிந்தினால் போகாத கறை, அதே விஷயம்தான். இந்தியச் சாயக்காரர்கள் கடுக்காயைப் பயன்படுத்துவதும் அதன் துவர்ப்புக்காகத்தான்.

துணியின் எடைக்குச் சமமாக மலிவான தூளை எடுத்து, இருபது நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டி, கட்டிய துணியை அதில் போட்டு, கொதிக்காமல் சூடாக ஒரு மணி நேரம் வைத்து, அதிலேயே ஆறவிடுங்கள். மங்கலான பழுப்பு வரும். வெள்ளைப் புள்ளிக்கும் இதற்கும் வித்தியாசம் அவ்வளவு பளிச்சென்று இருக்காது. அங்கேதான் இரும்பு உதவுகிறது. துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் ஒன்றிரண்டு வாரம் போட்டுவைத்து, அந்த வினாகிரியில் இரண்டு கரண்டி எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, தேயிலைச் சாயம் ஏறிய துணியை முடிச்சு அவிழ்க்காமல் முக்கினால், சில நிமிடங்களில் பழுப்பு சாம்பல் நிறமாகி, பிறகு கறுக்கும். இப்போது வெள்ளைப் புள்ளி எடுத்துக் காட்டும். கறுப்பு இன்னும் வேண்டும் என்று இரும்பைக் கூட்டிக்கொண்டே போனால் நாளடைவில் துணி இற்றுப்போகும். துணியை நன்றாக அலச வேண்டும்.

பலாக் கட்டையின் சிராயைக் கொதிக்கவைத்தால் மஞ்சள் வரும். இந்த நாட்டில் பிக்குமாரின் சீவரத்துக்குப் பரம்பரையாகப் போட்டுவந்த நிறம் அது. மஞ்சள் தூளும் நல்ல நிறம் தரும், வெயிலில் உலர்த்தினால் போய்விடும். விளையாட்டுக்குச் செய்யலாம், விற்பனைக்கு வேண்டாம்.

மெழுகு

நூலில் கை படிந்த பிறகு பலரும் பத்திக் பக்கம் போக ஆசைப்படுவார்கள். ஜாவாவில் உச்சத்துக்குப் போன கலை அது. தாகூர் 1927இல் ஜாவாவுக்குப் போய்வந்த பிறகு சாந்திநிகேதனிலும் வேரூன்றியது. நமக்குக் கிட்டவே, மாத்தளை அலுவிகாரையில், ஈனா டி சில்வா கிராமத்துப் பெண்களை வைத்து நடத்திய பத்திக் பட்டறை நாடறிந்தது.

இங்கே குளிர் இரண்டு பக்கமும் இடிக்கும். உருக்கிய மெழுகு துணிக்குள் ஊடுருவிப் பின்பக்கம் தெரிய வேண்டும். குளிர்ந்த துணியில் மெழுகு விழுந்த உடனே இறுகி மேலாகவே நின்றுவிடும். பார்த்தாலே தெரியும், ஊடுருவிய மெழுகு கண்ணாடிபோலவும், மேலே நிற்கும் மெழுகு வெள்ளையாகவும் இருக்கும். துணியை அடுப்பருகே வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொண்டு பூசுங்கள், பின்பக்கமும் ஒருமுறை பூசுங்கள். இன்னொரு தொல்லை, பரபின் மெழுகு குளிரில் நொறுங்கும். அந்த வெடிப்பில் சாயம் நுழைந்து வலைபோல் கோடு விழுவதுதான் பத்திக்கின் அழகு என்பார்கள். ஆனால் நுவரெலியாக் குளிரில் நீங்கள் கேட்காமலே துணி முழுக்க வலை விழும். தேன்மெழுகைப் பாதிக்குப் பாதி கலந்தால் வளைந்து கொடுக்கும்.

மெழுகுத் துணியைச் சூடான சாயத்தில் முக்கவும் முடியாது, மெழுகு இளகிவிடும். ஆகவே சாயத்தைத் தூரிகையால் பூசிப் பொலித்தீனில் சுற்றி நீண்ட நேரம் வைக்கும் முறைதான் இங்கே ஒத்துவரும். மெழுகுப் பாத்திரத்தை ஒருபோதும் நேராக நெருப்பில் வைக்காதீர்கள், தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்குங்கள். தீப்பிடித்த மெழுகில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியால் மூட வேண்டும்.

மிஞ்சிய சாயத் தண்ணீரை அடுத்த நாளுக்கு வைக்காதீர்கள். சோடா சேர்த்த ரியெக்டிவ் சாயம் சில மணி நேரத்தில் தண்ணீரோடேயே சேர்ந்து செத்துவிடும், நிறம் மட்டும்தான் இருக்கும். அதைப் பீலிப் பக்கமோ, கீழ் லயத்துக்குத் தண்ணீர் போகும் ஓடையிலோ கொட்டக் கூடாது. மரக்கறித் தோட்டத்திலும் வேண்டாம், அதில் இருக்கும் உப்பும் சோடாவும் பயிரைக் கெடுக்கும். ஓடைக்குத் தள்ளி ஒரு குழி வெட்டி ஊற்றி மண்ணைத் தள்ளுங்கள். தேயிலைச் சாயத் தண்ணீரை, இரும்பு கலக்காததாக இருந்தால், ஆறவைத்து ரோசாச் செடிக்கே ஊற்றிவிடலாம்.